காந்திமதி அடித்த நாலு முளை

நெய்வேலி,
பதினாறாம் பிளாக்,
9-6-1982.

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு இசக்கிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தனபாக்கியமும் காந்திமதியும் உடம்பளவில் சௌக்கியம். உடம்பு நீங்கலாக உள்ளதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கு தாங்களும் புஷ்பவல்லி அக்காவும் மாப்பிள்ளை ராஜேந்திரனும் சௌக்கியம் என்று போன கடிதத்தில் கண்டு சந்தோஷப்பட்டோம். அக்காவின் முழங்கால் வலிக்கு இங்கே ஒருவர் ஒரு எண்ணெய் சொல்கிறார். கோவில்பட்டிப் பக்கம் ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும். அக்காவையும் கூட்டிக்கொண்டு வரவும். சும்மா பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இல்லாமல் தட்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழம் சகிதமாகவே வரவும். ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிடலாம். காந்திமதிக்குக் கல்லூரியில் படித்த இரண்டு வருஷம் போதும், மூன்றாம் வருஷம் வேண்டாம் என்று தீர்மானம் செய்துவிட்டேன். போன தை மாதம் தாங்கள் மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டபோது, படிப்பு முடியட்டும் அத்தான் என்று சொன்ன அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன். எனக்குப் புத்தி மாறிவிட்டதோ என்று தாங்கள் நினைக்கக்கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதினால் தாங்களே இது சரி என்பீர்கள்.

இந்தப் படிப்பில் அவளைச் சேர்த்தது தங்கள் யோசனை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜியோபிசிக்ஸ் என்றால் பூகோளமும் பௌதிகமும் சேர்ந்த ஒரே பாடம், நாளைக்கு டீச்சர் வேலைக்குப் போனால் இரண்டு வகுப்பும் எடுக்கலாம், பொம்பளைப் பிள்ளைக்கு நிழலில் உட்கார்ந்து படிக்கிற படிப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஹெட்மாஸ்டராக இருந்தவர் சொல்கிறார் என்று நானும் மேற்கொண்டு யாரையும் விசாரிக்கவில்லை. மதராஸில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். முதல் வருஷ லீவில் வந்தவள், இந்தப் படிப்பில் ஆறு, மலை, தலைநகரம் எதுவும் கிடையாது என்றாள். பின்னே என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். தரையில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்களாம். அந்த அதிர்ச்சி பூமிக்குள் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து உள்ளே பாறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்களாம். சம்மட்டியை யார் பிடிப்பது என்றேன். முறை வைத்து அடிப்போம் அப்பா என்று உள்ளங்கையைக் காட்டினாள். காய்த்துப் போயிருந்தது. நான் ஸ்டோர்ஸில் இத்தனை வருஷமாக மைன்ஸ் ஆட்களுக்குச் சம்மட்டி வழங்கிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கைகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இந்தக் கையைப் பார்த்துவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. இரண்டாம் வருஷம் வந்தபோது, அடியில் கனத்த பாறை உள்ள ஊரில் பூமி ஆளைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், இங்கே அடியில் மண்ணும் கரியும் என்பதால் இழுப்பு துளி கம்மி என்றாள். அப்படியானால் நான் இங்கே கொஞ்சம் மெலிவா என்று தனபாக்கியம் ஆசையாகக் கேட்டாள். ஆமாம் அம்மா, ஆனால் தராசில் தெரியாது என்றாள். தராசில் தெரியாத மெலிவுக்காக நாம் ஹாஸ்டல் பீஸ் கட்டிக்கொண்டிருக்கிறோம் அத்தான்.

இந்தக் கோடையில்தான் எல்லாம் கைமீறிப் போனது. அவர்களுடைய பேராசிரியர் லீவில் செய்யச் சொல்லி ஒரு வேலை கொடுத்து, ஒரு மரப்பெட்டியையும் கொடுத்தனுப்பிவிட்டார். பெட்டியோடு சுருள் சுருளாகக் கம்பி, ஒரு பாட்டரி டப்பா, ஒரு சுத்தியல், நாலு இரும்பு முளை. கூடவே, அவளோடு படிக்கிற விஜயகுமாரி என்று ஒரு பெண். அவள் அப்பா நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் இருக்கிறார். நல்ல உயரம். அதிகம் பேசமாட்டாள், பேசினாலும் பெட்டியில் முள் காட்டுகிற எண்ணைத்தான் சொல்வாள். வேலை இதுதான்: நாலு முளையையும் ஒரே வரிசையில் தரையில் அடிப்பது, வெளி முளை இரண்டிலும் கரண்ட் விடுவது, உள் முளை இரண்டிலும் அது எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பது. களிமண் என்றால் கரண்ட் சுலபமாகப் போகும், காய்ந்த மணல் என்றால் தடுக்கும். முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் கரண்ட் இன்னும் ஆழமாகப் போகுமாம். இவ்வளவையும் சாப்பிடும்போது சொன்னாள். பருப்பு சாதத்தை வரிசையாக நாலு உருண்டை வைத்துக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததால் பயம் கூடுதலாயிற்று.

முதலில் பழகிக்கொள்கிறோம் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்திலேயே முளை அடித்தார்கள். இடம் போதாமல் நாலாவது முளை வேலிக்கு அந்தப் பக்கம், அய்யாசாமி வீட்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டது. அய்யாசாமி மைன்ஸில் ஷிப்ட் பார்க்கிறவர், நல்ல மனுஷர். ஷிப்ட் முடிந்து வந்தவர், தன் தோட்டத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு இரும்பு நட்டிருக்கிறதே என்று வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுகொண்டு அதைப் பிடுங்கப் போனார். இந்தப் பக்கம் விஜயகுமாரி சுவிட்சைப் போட்டாள். பெரிய அடி இல்லை, ஆனால் அய்யாசாமி கொஞ்ச நேரம் முருங்கை மரத்தைப் பார்த்தபடியே நின்றார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, இது படிப்புச் சமாசாரம், அடியில் என்ன மண் இருக்கிறது என்று பார்க்கிறார்கள் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடியில என்ன இருக்குன்னா பார்க்கிறாங்க என்று மட்டும் மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் ஷிப்ட் பஸ்ஸில் அய்யாசாமியோடு ஏறிய இந்தச் சேதி, இறங்கும்போது பதினாறாம் பிளாக்குக்கு அடியில் கரி இருக்கிறது, பிளாக்கையே காலி செய்யப் போகிறார்கள் என்று இறங்கியது. தாங்கள் இந்த டவுன்ஷிப்பைப் பார்த்திருக்கிறீர்கள். திருநெல்வேலிக்காரன், கோயம்புத்தூர்க்காரன், தஞ்சாவூர்க்காரன் என்று எல்லா ஜில்லாக்காரனும் வந்து குடியிருக்கிற இடம். எந்த விஷயத்திலும் ஒத்துப் போகமாட்டார்கள், இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப் போனார்கள். வாசலுக்கு வந்து கேட்டவர்களிடம் எல்லாம் அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். ஸ்டோர்ஸில் இருக்கிற மனுஷன், மேலிடத்துச் சேதி தெரிந்தவர், அவர் எப்படி வாய்விட்டுச் சொல்வார் என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு உறுதியானது. எதிர் வரிசையில் ஒருவர் வைத்திருந்த தென்னங்கன்றுகளைப் பிடுங்கி மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். குடியிருப்புக்குள் இரும்பு அடித்துக் கரண்ட் விடுவது என்ன நியாயம் என்று கேட்டார். இனிமேல் டவுன்ஷிப்புக்குள் ஒரு முளைகூட அடிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் பிளாக்குக்கு அடியில் எப்படி என்று பெண் ஏதாவது சொன்னாளா, பின்பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை போடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

டவுன்ஷிப்புக்குள் வேண்டாம் என்று ஆனதும், இரண்டு பெண்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார்கள். செம்மண் பூமி, எங்கு பார்த்தாலும் முந்திரித் தோப்பு. நான் வேலைக்குப் போனபின் காலைப் பஸ்ஸில் போய்விட்டு நான் வருவதற்குள் வந்துவிடுவார்களாம். தனபாக்கியத்துக்கு இது தெரியும். சாப்பாடு கட்டிக் கொடுத்ததே அவள்தான். அதை இன்றைக்கு எழுதி என்ன பயன்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டோர்ஸ் ஜன்னலில் ஒரு காண்ட்ராக்ட் ஆள் வந்து நின்றான். "சார், உங்க பொண்ணு எங்க ஊர்ல இருக்குது. நல்லாத்தான் இருக்குது, பயப்படாதீங்க. பொட்டியைத்தான் புடிச்சி வச்சிருக்காங்க" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் போனேன். போய்ப் பார்த்தால் காந்திமதியும் விஜயகுமாரியும் மர நிழலில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருக்கிறார்கள். ஊரே சுற்றி நின்றுகொண்டு, இன்னும் ரெண்டு சுளை எடுத்துக்கோம்மா என்று உபசாரம் செய்கிறது. பெட்டி மாரியம்மன் கோயிலுக்குள் பூட்டியிருந்தது. நாலு முளையில் மூன்றைப் பிடுங்கிவிட்டார்கள். நாலாவது முளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் மாணிக்கம்மாள். புருஷன் போனபின் தனியாக அந்த முந்திரித் தோப்பை வைத்துக் காப்பாற்றுகிறவர். ஸ்டோர்ஸுக்கு வந்து சொன்ன ஆள் அவருடைய தம்பி தனகோட்டி.

நடந்தது என்னவென்றால், காய்ந்த தரையில் கரண்ட் இறங்கவேண்டும் என்று முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவார்களாம். ஊர் தெரியாத இரண்டு பெண்கள் தன் தோப்பில் இரும்பு அடித்து உப்பு ஊற்றுவதை மாணிக்கம்மாள் பார்த்திருக்கிறார். யாரோ செய்வினை வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாராம். தனகோட்டி வந்து பார்த்துவிட்டு, செய்வினையாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்றானாம். "மைன்ஸ்ல நான் பார்க்காத முளையா? முளை அடிச்ச எடத்துல அப்புறம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? இன்னா சார், பொண்ணுங்களை அனுப்பி அளந்தா எங்களுக்கு வெளங்காதுன்னு நெனச்சிகினு இருக்கீங்களா?" என்று என்னிடமே கேட்டான். நான் ஸ்டோர்ஸ், நான் பூட்ஸும் ஹெல்மெட்டும் கொடுக்கிறவன் என்றேன். அது அவன் காதில் ஏறவில்லை. காந்திமதி எழுந்து போய் மாணிக்கம்மாள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நாங்க நிலத்தை அளக்க வரலீங்க, கீழே என்ன இருக்குன்னு மட்டும்தான் பார்க்கிறோம் என்று சமாதானமாகச் சொன்னாள்.

"கீழ இன்னா இருக்குதுன்னு பார்த்துத்தானம்மா பக்கத்து ஊரை மைன்ஸுக்கு எடுத்தாங்க" என்றார் மாணிக்கம்மாள்.

காந்திமதி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த அம்மாள் முளையை விட்ட பாடில்லை. அப்போதுதான், எப்போதும் பேசாத அந்த விஜயகுமாரி சுளையை வாயில் வைத்துக்கொண்டே, கரி பார்க்கிறதுக்கு இந்தப் பெட்டி பத்தாதுங்க, தண்ணி பார்க்கிறதுக்குத்தான் ஆகும் என்றாள். அவ்வளவுதான். தண்ணி என்ற வார்த்தையைக் கேட்டதும் கூட்டம் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தது. மாணிக்கம்மாளின் கிணறு சித்திரையிலேயே வற்றிவிட்டதாம். அந்த ஊரில் குழந்தைவேல் என்று நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் தண்ணீர். அவர் காட்டிய இரண்டு இடத்திலும் துளை போட்டுப் பார்த்ததில் புழுதிதான் வந்தது. மூன்றாவது இடமும் காட்டி வைத்திருந்தார். தனகோட்டி கொஞ்சம் யோசித்தான். தண்ணி எங்கே என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தீர்ப்புச் சொன்னான். பேராசிரியருக்குப் பெட்டி போய்ச் சேரவேண்டுமே அத்தான், நான் என்ன செய்ய முடியும், சரி என்று தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் தினமும் நானே லீவு போட்டுக் கூடப் போனேன். ஊர் ஆண்களெல்லாம் ஆளுக்கொரு கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு முந்திரித் தோப்புக்குள் ஓடினார்கள். விஜயகுமாரி எண்ணைச் சொல்ல, காந்திமதி குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கட்டம் போட்ட தாளில் ஒரு வளைகோடாக வரைந்து, அச்சடித்த வேறு வளைகோடுகளின் மேல் வைத்து, மேலே கீழே தள்ளித் தள்ளிப் பொருத்தினாள். ரவிக்கைத் துணியில் அளவுத் துணியை வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று தனபாக்கியம் சொன்னாள். கடைசியில் தோப்பின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு இடத்தைச் சொன்னாள். மேலே களிமண், அதன் கீழே மணல், மணலில் தண்ணீர் நிற்க வாய்ப்பு உண்டு என்றாள். குழந்தைவேல் காட்டிய இடத்துக்கும் இதற்கும் நல்ல தூரம்.

தனகோட்டி கேட்டான், "அங்க தண்ணி இருக்குதா?"

"இருக்கலாங்க."

"இருக்குதா, இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"கொழந்தவேலு அண்ணன் இருக்குதுன்னே சொல்றாரே."

"அவர் சொல்லலாங்க. நான் பரீட்சை எழுதணும்" என்றாள் தங்கள் மருமகள்.

ஊர் முழுவதும் இப்போது என்னைப் பார்த்தது. சார், நீங்க சொல்லுங்க, உங்க பொண்ணு சொல்றதை நம்பித் துளை போடலாமா என்று தனகோட்டி கேட்டான். அத்தான், நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்க்கவேயில்லை, கம்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். போடலாம் என்று என் வாய் சொல்லிவிட்டது.

மூங்கில் முக்காலி நட்டு, கையால் குழாயைத் திருகித் திருகி இறக்கினார்கள். முதல் நாள் களிமண். எதிர்பார்த்ததுதான் என்றாள் காந்திமதி. இரண்டாம் நாள் களிமண். மணல் வரவேண்டிய ஆழம் வந்தது. அங்கேயும் களிமண். சாம்பல் நிறத்தில், நல்ல பசை மாதிரி, பானை செய்ய உகந்த களிமண். ஆட்கள் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தன், எங்கம்மா மணலு, மெட்ராசுல வுட்டுட்டு வந்துட்டியா என்றான். எல்லாரும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். குழந்தைவேல் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தனை ஆம்பிளைகள் நடுவில், வெயிலில் கறுத்துப்போய், முழங்கை வரைக்கும் சேறோடு என் பிள்ளை நிற்கிறாள். நான் கிட்டே போய், வா தாயி, வீட்டுக்குப் போவோம் என்றேன். அவள் அழவில்லை. முந்திரி நிழலில் உட்கார்ந்து அந்த வளைகோட்டை எடுத்துப் பிரித்தாள்.

"அப்பா, இதுக்கு ரெண்டு விடை இருக்கு" என்றாள். களிமண் கொஞ்சமாக இருந்து ஒரு விதமாகக் கரண்டை விட்டாலும் சரி, நிறைய இருந்து வேறு விதமாக விட்டாலும் சரி, மேலே நின்று பார்த்தால் ஒரே கோடுதான் வருமாம். புஸ்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

"அப்ப நீ சொன்னது தப்பா?"

"தப்பில்லப்பா. ரெண்டுல ஒண்ணு சரி."

"எது சரி?"

"தோண்டினாத்தான் தெரியும்."

"தோண்டினாத்தான் தெரியும்னா பெட்டி எதுக்கும்மா?"

"எங்க தோண்டணும்னு தெரிஞ்சுக்க."

நாற்பது மார்க்குக் கேள்விக்கு இரண்டு விடை எழுதி, இரண்டில் ஒன்று சரி என்று போட்டால் தாங்கள் மார்க் கொடுத்திருப்பீர்களா. ஹெட்மாஸ்டர் என்ற முறையில் இதற்குத் தனியாக ஒரு பதில் எழுதவும். ஆட்கள் முக்காலியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். அப்போது மாணிக்கம்மாள் எழுந்து வந்தார். காந்திமதியிடம், இன்னும் கீழே போனால் மணல் இருக்குமா என்று கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், எனக்குத் தெரியலைங்க என்றாள் இவள். அந்த அம்மாள் திரும்பி ஆட்களைப் பார்த்தார்.

"எறக்குங்கடா இன்னும். என்னாண்ட இத்தினி பேரு வந்து இத்தினி சொல்லியிருக்காங்க, தெரியலன்னு சொன்னது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

இறக்கினார்கள். அன்றைக்கும் களிமண். மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் குழாய் சட்டென்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலே வந்தது மணல். வெள்ளை மணல் அத்தான், சலித்தெடுத்த மாதிரி. அதன் பின்னாலேயே தண்ணீர் குழாயில் ஏறி வந்து நின்றது. ஆட்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீரைக் கையில் ஏந்தி ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். குழந்தைவேல் குடையை மடக்கிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "நான் சொன்ன ஓட்டந்தான். கொஞ்சம் நவுந்துகினு வந்திருக்குது" என்றார். மாணிக்கம்மாள் வீட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து இரண்டு பெண்களின் தலையிலும் வைத்துவிட்டார். காந்திமதி செய்தது என்ன தெரியுமா. தூக்குவாளியில் மீதியிருந்த மோர்சாதத்தை வழித்து நாய்க்குப் போட்டுவிட்டு, அதில் அந்த மணலை நிரப்பிக்கொண்டாள். அந்த வாளி இன்னும் எங்கள் அடுப்படியில் மணலோடுதான் இருக்கிறது. தனபாக்கியம் மோர்சாதத்துக்கு வேறு பாத்திரம் வைத்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெட்டியை விடுவித்துக்கொண்டு வந்து, குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வாசலில் ஆட்கள். நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர்கள் இரண்டு பேர் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். திருவதிகையிலிருந்து ஒரு குடும்பம் புதுமனையில் எலும்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வந்தது. ஒரு அம்மாள் தொலைந்துபோன காதுத் தோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டாள். தோட்டம் முழுவதும் கரண்ட் விட்டால் தெரிந்துவிடாதா என்றாள். அய்யாசாமி தன் வீட்டு நாற்காலிகளை எடுத்துவந்து போட்டு, வந்தவர்களை வரிசையாக உட்காரவைக்கிறார். தண்ணீர் வந்த சேதி தெரிந்தபின் அவருக்குப் பதினாறாம் பிளாக்கைக் காலி செய்வது பற்றி இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. குழந்தைவேலும் வந்தார். நான் தேங்காய் வைத்து இடம் சொல்கிறேன், பெண் பெட்டி வைத்து ஆழம் சொல்லட்டும், சேர்ந்தே தொழில் பண்ணலாம் என்று என்னிடம் முறையாகப் பேசினார். வந்த சம்பந்தங்களில் இதுதான் கொஞ்சம் மரியாதையாகப் பேசப்பட்டது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம் என்று தாங்கள் நினைக்கலாம். குழாயில் தண்ணீர் வந்தது என் கண்ணில் நிற்கவில்லை. அதற்கு முந்தின நாள் அந்த ஆட்கள் குழாயைப் போட்டுவிட்டுச் சிரித்தார்களே, அதுதான் நிற்கிறது. அடுத்த துளையில் தண்ணீர் வருமா வராதா என்று யாருக்குத் தெரியும். வராவிட்டால் இன்னொரு ஊர், இன்னொரு கூட்டம், இன்னொரு சிரிப்பு. அப்போது கூடப் போய் நிற்க நான் இருப்பேனா. இந்த மூன்றாம் வருஷத்தையும் படித்து முடித்தால் அவள் ஆயுசு முழுக்க ஊர் ஊராய் வெயிலில் போய் முளை அடிப்பாள், வேறு எதற்கும் திரும்பமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாய்த் தெரிந்துவிட்டது. ராஜேந்திரன் நூல் மில் ஆபீஸில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை செய்கிற பையன். கண்ணும் கருத்துமாய் வைத்துக்கொள்வான். அதனால்தான் சொல்கிறேன், காலம் கடத்தாமல் வரவும். காந்திமதியிடம் இன்னும் பேசவில்லை. தாங்கள் வந்தபின் பெரியவர்களாகச் சேர்ந்து சொல்வதே முறை என்று விட்டிருக்கிறேன். அவள் தட்டமாட்டாள். சின்ன வயசிலிருந்தே அவள் நான் சொல்லி எதையும் தட்டினதில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் ஆசி என்றும் உண்டு. அங்கே மழை விழுந்ததா என்று எழுதவும். குலதெய்வம் எல்லாரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
இசக்கிமுத்து.

பின் குறிப்பு: வழக்கம்போல அத்தைக்கு இரண்டு வரி எழுதட்டும் என்று கடைசிப் பக்கத்தில் இடம் விட்டு, மேல் தாள்களை நீக்காமல் மறதியாகக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டேன். முழுவதும் படித்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்ட் எவ்வளவு வந்து சேர்கிறது என்று நான் எழுதியிருந்த இடத்தில், கரண்ட் அல்ல, வோல்டேஜ் என்று ஓரத்தில் திருத்தியிருக்கிறாள். வேறு இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழைகளைச் சரிசெய்திருக்கிறாள். அத்தைக்கு எழுதியதைத் தாங்களே கடைசிப் பக்கத்தில் காணலாம். அதில் முழங்காலைப் பற்றித்தான் இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி நான் எழுதிய இடங்களில் பென்சில் படவேயில்லை.

ஏம்மா, அங்க ஒண்ணும் தப்பு இல்லையா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச எடத்துலதாம்ப்பா நான் திருத்த முடியும். அது நீங்க எழுதினது" என்று சொல்லிவிட்டு, கம்பியைச் சுருட்டத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

நான் முதலிலிருந்து மறுபடி படித்தேன். தனபாக்கியம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை படிந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் காந்திமதி கம்பியின் ஒரு முனையைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, மறு முனையைப் பிடிக்க ஆளில்லாமல் தனியாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்ப் பிடித்தேன். திரும்பிவந்து உட்கார்ந்தபோது, எழுதினவனுக்கே பிழை தெரிந்தது. புதிதாக எழுதலாம் என்றால் தபால் எடுக்கிற நேரம் நெருங்கிவிட்டது, தாளும் தீர்ந்துவிட்டது. ஆகவே தாங்கள் சிரமம் பாராமல், மேலே 'வரவும்' என்று இருக்கிற இடங்களிலெல்லாம் 'வர வேண்டாம்' என்றும், மூன்றாம் வருஷம் 'வேண்டாம்' என்று இருக்கிற இடத்தில் 'வேண்டும்' என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். ஆவணி என்பதை அடியோடு அடித்துவிடவும். கோபம் வந்தால் என்மேல் படவும், அக்காமேல் பட வேண்டாம். அடுத்த வருஷம் பரீட்சை முடிந்தபின் ராஜேந்திரன் ஒருமுறை இங்கே வந்து அவளிடம் நேரிலேயே கேட்கட்டும். அவள் சரி என்று சொன்னால் மட்டும் தாங்களும் அக்காவும் தட்டோடு வரவும். இந்த ஒரு 'வரவும்' என்பதை 'வரவும்' என்றே படிக்கவும்.